கீபோர்டு, ஏரி, துடுப்பு: தம்பியோட ஒரு கோடைக்கு நான் போட்ட கணக்கு



"சம்பளம் போக வெளியில கொஞ்சம் காசு வருது, இதுக்கு வரி கட்டணுமா?" வீடியோ போடும் ஒவ்வொரு வாரமும் எனக்கு வருகிற கேள்வி இது. சிலர் வார இறுதியில் கல்யாண வீட்டில் பாடுகிறார்கள், சிலர் போட்டோ எடுக்கிறார்கள், சிலர் கேக் செய்து விற்கிறார்கள். எல்லாருக்கும் ஒரே வரியில் பதில் சொல்ல முடியாது. அதனால் இந்த முறை ஒரே ஒருத்தரின் மூன்று மாசத்தை எடுத்து, முழுசாகக் கணக்குப் போட்டுக் காட்டப் போகிறேன்.

அந்த ஒருத்தர் என் சித்தி பையன். வயசு 27, ஓஎம்ஆரில் சாஃப்ட்வேர் வேலை, வீடு மேடவாக்கம் பக்கம். வருஷச் சம்பளம் 12 லட்சம். கதையை எழுதிக்கொள்ள அவனே சம்மதம் கொடுத்துவிட்டான். ஒரே நிபந்தனை, "பேரை மட்டும் போடாதக்கா."

ஒரு கோடை, மூன்று வேலை

2025 ஏப்ரல், மே, ஜூன். அந்த மூன்று மாசத்தில் அவன் ஆபீஸ் போக மூன்று விஷயம் செய்தான்.

முதலாவது இசை. அவன் கீபோர்டு, ஒரு நண்பன் கஹோன், ஒரு தோழி பாட்டு. மூன்று பேர் கொண்ட சின்ன குழு. சித்திரை, வைகாசி முகூர்த்த மாசம், ரிசப்ஷனுக்குக் கூப்பிடுவார்கள். நடுவில் சில கஃபே, ஒரு கம்பெனி விழா. மொத்தம் 12 ஷோ.

இரண்டாவது சுற்றுச்சூழல். ஜனவரியிலிருந்தே பங்குனி ஆமைக்காக ராத்திரி நடை போய்க்கொண்டிருந்தான். சென்னையில் 1988லிருந்து மாணவர்களும் தன்னார்வலர்களும் செய்துவருகிற வேலை இது. நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை ஏறக்குறைய 7 கிலோமீட்டர், நடு ராத்திரிக்கு மேல் மணலில் நடந்து, ஆமை இட்ட முட்டைகளைத் தேடி எடுத்துப் பொரிப்பகத்தில் சேர்ப்பார்கள். குஞ்சு வெளிவர ஏறக்குறைய 45 நாள் ஆகும். அந்த 2025 ஜனவரியில்தான் நூற்றுக்கணக்கில் செத்த ஆமைகள் சென்னைக் கரையில் ஒதுங்கின. அதைப் பார்த்த பிறகு இவனால் சும்மா இருக்க முடியவில்லை. ஏப்ரலோடு ஆமை சீசன் முடிந்ததும், வீட்டுப் பக்கத்து ஏரியில் சனிக்கிழமை காலையில் இறங்கிவிட்டான். தண்ணீர் வற்றியிருக்கிற கோடையில்தான் ஆகாயத்தாமரையை இழுத்துப் போடவும், கரையோரக் குப்பையை அள்ளவும் முடியும். மழை வந்துவிட்டால் அவ்வளவுதான்.

மூன்றாவது துடுப்பு. பலகை மேல் நின்றுகொண்டே துடுப்புப் போடுவார்களே, அது. முட்டுக்காடு உப்பங்கழியில் கற்றுக்கொண்டு, பிறகு கோவளம் கடலுக்குப் போனான். ஞாயிறு காலை ஆறு மணிக்குத் தண்ணீரில் இருப்பான். "அக்கா, வாரம் பூரா தலைக்குள்ள ஓடுற சத்தம் அங்க மட்டும்தான் நிக்குது" என்பான்.

மூன்றுமே நல்ல விஷயம். ஒன்றையும் நான் குறை சொல்லப் போவதில்லை. ஆனா ஜூன் முதல் வாரம் அவன் எனக்குப் போன் செய்து கேட்ட கேள்வி வேற.

"அக்கா, ரெண்டு மாசத்துலயே கிட்டத்தட்ட ஒன்றரை லட்சம் வந்திருக்கு. வேலையை விட்டுடலாமான்னு யோசிக்கிறேன்."

நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "மாசக் கடைசி ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வா. வரும்போது எல்லா பில்லையும் எடுத்துட்டு வா. அதுவரைக்கும் ரிசைன் லெட்டர் டைப் பண்ணாதே" என்றேன்.

ஜூன் 22

அவன் வருவதற்கு ஒரு வாரம் முன்னால், சித்தி போன் செய்தார். குரல் நடுங்கியது.

நடந்தது இதுதான். சனிக்கிழமை காலை ஆறிலிருந்து பத்து வரை ஏரி. மத்தியானம் பிராக்டிஸ். அன்று ஜூன் 21, உலக இசை தினம். சாயங்காலம் கஃபேயில் ஷோ. சாமானைக் கட்டி வீட்டுக்கு வந்து படுக்கும்போது மணி பன்னிரண்டரை. விடிகாலை நாலரைக்கு அலாரம். நாலு மணி நேரத் தூக்கத்தோடு கோவளத்தில் பலகையை இறக்கிவிட்டான்.

ஜூன் மாசம் நம்ம கரையில் காலை வேளையில் மேற்குக் காற்று அடிக்கும். நிலத்திலிருந்து கடலை நோக்கிப் போகிற காற்று. கரைக்குப் பக்கத்தில் தண்ணீர் கண்ணாடி மாதிரி அமைதியாகத் தெரியும். அதுதான் ஏமாற்றும். பலகையில் நிற்கிற மனுஷனின் உடம்பே பாய் மாதிரி வேலை செய்யும், காற்று அவனை உள்ளே தள்ளிக்கொண்டே போகும். தூக்கம் சரியாக இருந்திருந்தால் காற்றைக் கவனித்திருப்பான். அவன் கவனித்தபோது கரை ரொம்ப தூரத்தில் இருந்தது. திரும்பத் துடுப்புப் போட்டுப் போட்டு வலது தோள் பிடித்துக்கொண்டது. லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தான், காலில் பலகையோடு கட்டிய கயிறும் இருந்தது. அதனால் பிழைத்தான். வலை எடுத்துத் திரும்பிக்கொண்டிருந்த ஃபைபர் படகு ஒன்று அவனைப் பார்த்து, பலகையோடு ஏற்றிக்கொண்டு வந்தது.

படகுக்காரர் அவனிடம் கேட்டாராம்: "ஏம்ப்பா, ராத்திரி தூங்கலியா நீ? கண்ணைப் பாரு."

காசு வாங்க மறுத்துவிட்டார். தோள் தசைநார் பாதிப்பு. இரண்டு மாசம் கையைத் தூக்கக் கூடாது என்றார் டாக்டர். கீபோர்டும் இல்லை, துடுப்பும் இல்லை, ஏரியும் இல்லை.

அடுத்த ஞாயிறு, ஜூன் 29. கையைத் தொட்டில் கட்டிக்கொண்டு, மறு கையில் ஒரு துணிப்பை நிறைய பில்லோடு வந்து உட்கார்ந்தான். இனி கணக்கு.

வந்தது எவ்வளவு, நின்றது எவ்வளவு

அவன் அக்கவுண்டுக்கு வந்த பணம்:

கம்பெனி விழா 1: ரூ. 60,000
ரிசப்ஷன் 6 (ஒன்றுக்கு ரூ. 15,000): ரூ. 90,000
கஃபே 5 (ஒன்றுக்கு ரூ. 6,000): ரூ. 30,000
மொத்தம்: ரூ. 1,80,000

இதுதான் அவன் கண்ணில் பட்ட எண். இப்போது போன பணம்:

சவுண்ட் சிஸ்டம் வாடகை, 4 ஷோவுக்கு: ரூ. 16,000
வண்டி வாடகை, 12 ஷோவுக்கு: ரூ. 12,000
பிராக்டிஸ் ஸ்டூடியோ, 10 முறை: ரூ. 8,000
மொத்தம்: ரூ. 36,000

மிச்சம் ரூ. 1,44,000. மூன்று பேருக்குச் சமமாகப் பிரித்தால் தலைக்கு ரூ. 48,000. ஆக, அவனுடைய பணம் 1.8 லட்சம் இல்லை, 48 ஆயிரம்.

அடுத்து, நேரம். ஒரு ஷோவுக்குப் பயணம், சாமான் இறக்குதல், சவுண்ட் செக், வாசிப்பு, திரும்ப ஏற்றுதல் என்று எட்டு மணி நேரம். 12 ஷோவுக்கு 96 மணி நேரம். பிராக்டிஸ் பத்து முறை, ஒவ்வொன்றும் மூன்று மணி நேரம், அது 30. மொத்தம் 126 மணி நேரம். ஏப்ரலில் அவன் வாங்கிய 80,000 ரூபாய் கீபோர்டின் தேய்மானமாக ஒரு 6,000 கழித்தால் ரூ. 42,000. அதை 126ஆல் வகுத்தால் மணிக்கு ரூ. 333.

ஆபீஸ் சம்பளத்தை அதே மாதிரி வகுத்தேன். வருஷத்துக்கு 48 வாரம், வாரம் 45 மணி நேரம் என்று வைத்தால் 2,160 மணி நேரம். மணிக்கு ரூ. 555. கூடவே பிஎஃப், மெடிக்கல் இன்ஷூரன்ஸ், சம்பளத்தோடு லீவு. அந்த இன்ஷூரன்ஸ்தான் அவன் தோளுக்கான செலவில் பாதிக்கு மேல் பார்த்துக்கொண்டது.

இன்னொரு விஷயம். சித்திரை, வைகாசி வருமானத்தைப் பன்னிரண்டால் பெருக்கக் கூடாது. ஆடியில் முகூர்த்தம் கிடையாது, மார்கழியிலும் கிடையாது. ரிசப்ஷனை நம்பும் குழுவுக்கு அந்த மாசங்களில் வாடகை யார் கொடுப்பார்கள்?

தம்பி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டான்: "அப்ப வாசிக்கிறது வேஸ்டா?"

இல்லவே இல்லை. மணிக்கு 333 ரூபாய்க்குப் பிடித்ததைச் செய்ய முடிகிறது என்றால் அது பெரிய பாக்கியம். ஆனா அதை நம்பி வேலையை விடுவது வேற விஷயம். இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது, அவ்வளவுதான்.

வரி: பில் இல்லையென்றால் ரூ. 78,780

இப்போது நீங்கள் கவனமாகப் படிக்க வேண்டிய பகுதி. இது 2025-26 நிதியாண்டுக் கணக்கு, புதிய வரி முறை.

சம்பளம் 12,00,000. நிலையான கழிவு 75,000 போக 11,25,000. புதிய முறையில் 12 லட்சம் வரைக்கும் 87ஏ தள்ளுபடி இருப்பதால் வரி பூஜ்யம். தம்பியும் "எனக்கு வரியே கிடையாது" என்ற தைரியத்தில்தான் இருந்தான்.

ஆனா அவன்தான் குழுவின் கேஷியர். எல்லாப் பணமும் அவன் அக்கவுண்டுக்கு வந்தது. கம்பெனி விழாவுக்கு அவன் பான் நம்பரைக் கொடுத்திருந்தான். 60,000த்தில் 10 சதவீதம் டிடிஎஸ் பிடித்து 54,000 கொடுத்தார்கள். வருமான வரித் துறையின் பார்வையில் அந்த 60,000மும் இவனுடையது. ஏஐஎஸ்-ல் அப்படித்தான் வரும். மற்ற இரண்டு பேருக்குப் பிரித்துக் கொடுத்தது அங்கே தெரியாது.

மூன்று விதமாகப் பார்ப்போம்.

ஒன்று, எந்த ஆதாரமும் இல்லாமல் 1,80,000 முழுவதையும் வருமானமாகக் காட்டினால்: மொத்த வருமானம் 13,05,000. முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை. அடுத்த 4 லட்சத்துக்கு 5 சதவீதம், 20,000. அடுத்த 4 லட்சத்துக்கு 10 சதவீதம், 40,000. மீதி 1,05,000க்கு 15 சதவீதம், 15,750. மொத்தம் 75,750. 4 சதவீதம் செஸ் சேர்த்தால் ரூ. 78,780. கையில் நின்ற 48,000த்தைவிட வரி அதிகம்!

இரண்டு, "பாதியை லாபமாகக் காட்டு, போதும்" என்று சிலர் சொல்கிற 44ஏடிஏ வழி: 90,000 லாபம் என்றால் மொத்தம் 12,15,000. 12 லட்சத்தைத் தாண்டியது 15,000 மட்டும்தான். வரி அந்தத் தாண்டிய தொகையைவிட அதிகமாகக் கூடாது என்று ஒரு நிவாரணம் இருக்கிறது. அதனால் வரி 15,000, செஸ்ஸோடு ரூ. 15,600. ஆனா இந்தப் பிரிவு எல்லாத் தொழிலுக்கும் கிடையாது. பட்டியலில் சினிமாக் கலைஞர்கள் உண்டு, அதில் பாடகரும் இசையமைப்பாளரும் அடக்கம். ரிசப்ஷனில் கீபோர்டு வாசிப்பவர் அதற்குள் வருவாரா என்பது விவாதத்துக்குரியது.

மூன்று, உண்மைக் கணக்கு: 1,80,000 வரவு. பொதுச் செலவு 36,000. மற்ற இருவருக்குக் கொடுத்தது 96,000. கீபோர்டு தேய்மானம் 15 சதவீதம் என்றாலும், அந்த வருஷம் வாங்கி 180 நாளுக்குக் குறைவாகப் பயன்படுத்தியதால் பாதிதான், 7.5 சதவீதம், அதாவது 6,000. லாபம் 42,000. மொத்த வருமானம் 11,67,000. வரி பூஜ்யம். பிடித்த 6,000 டிடிஎஸ்-ம் ரீஃபண்டாகத் திரும்ப வரும்.

அதே மனுஷன், அதே வருமானம். துணிப்பையில் பில் இருந்ததால் பூஜ்யம், இல்லையென்றால் 78,780.

அதிர்ஷ்டவசமாக, நண்பர்களுக்குக் கொடுத்ததையெல்லாம் ஜிபேயில் அனுப்பியிருந்தான். ஸ்டூடியோவுக்கு பில் இருந்தது. சவுண்ட் சிஸ்டம்காரர் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்ததை வாட்ஸ்அப்பில் ஒழுங்காகக் கேட்டு வாங்கினோம். ரொக்கமாகக் கொடுப்பவர்கள் ஒன்றை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்: ஒரே நாளில் ஒருவருக்கு 10,000க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அது செலவாக ஏற்கப்படாது.

"கஃபேக்காரங்க டிடிஎஸ் பிடிக்கலையே, அதைக் காட்டணுமா?" என்றும் கேட்டான். காட்டணும். டிடிஎஸ் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும், ரொக்கமாக வந்தாலும் யுபிஐயில் வந்தாலும், வருமானம் வருமானம்தான்.

இதோடு இன்னும் மூன்று விஷயம்:

தொழில் வருமானம் இருந்தால் ஐடிஆர்-1 போட முடியாது. உண்மைக் கணக்கு என்றால் ஐடிஆர்-3.

சம்பளம் மட்டும் வாங்குபவர் ஒவ்வொரு வருஷமும் பழைய முறை, புதிய முறை என்று மாற்றிக்கொள்ளலாம். தொழில் வருமானம் இருப்பவருக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. பழைய முறைக்குப் போய்விட்டு ஒரு தடவை புதியதுக்குத் திரும்பிவிட்டால், தொழில் வருமானம் இருக்கிறவரை மறுபடி பழையதுக்குப் போக முடியாது. யோசித்து முடிவெடுங்கள்.

டிடிஎஸ் போக வருஷத்துக்கு 10,000 அல்லது அதற்கு மேல் வரி வரும் என்றால் முன்கூட்டியே அட்வான்ஸ் டாக்ஸ் கட்ட வேண்டும். முதல் தவணை ஜூன் 15. கோடை ஷோக்காரர்கள் மறக்கிற தேதி இதுதான்.

2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் வந்துவிட்டது. பிரிவு எண்கள் மாறிவிட்டன. நான் இங்கே சொன்ன எண்கள் 2025-26 ரிட்டனுக்குப் பொருந்துபவை.

ஏரிப் பணம் யாருடைய பணம்?

துணிப்பையின் அடியில் இன்னொரு கட்டு இருந்தது. கையுறை, சாக்கு, குப்பை ஏற்ற டிராக்டர் வாடகை, டீ, பிஸ்கட். "இது என்னடா?"

ஏரி வேலைக்குத் தெரிந்தவர்களிடம் பணம் திரட்டியிருக்கிறான். ரூ. 42,000. அதுவும் அவனுடைய சேமிப்புக் கணக்கிலேயே. செலவு 51,000. மீதி 9,000 அவன் கையிலிருந்து. அதே கணக்கில் சம்பளம், அதே கணக்கில் ஷோ பணம், அதே கணக்கில் ஏரிப் பணம்.

உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஒரு வருஷத்தில் 50,000க்கு மேல் பணம் சும்மா வந்தால், அந்த முழுத் தொகையும் வருமானமாகக் கருதப்படும். இது என் பணமில்லை, ஏரிக்காக வாங்கி ஏரிக்கே செலவு செய்தேன் என்று சொல்லலாம். ஆனா அதை நிரூபிக்க வேண்டியது நீங்கள். இன்னும் ஒரு 9,000 வந்திருந்தால் தம்பி அந்தக் கேள்விக்கு உள்ளே போயிருப்பான்.

வரியைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது வேற. பணம் கொடுத்தவர்களுக்கு அவன் கணக்குக் காட்டவே இல்லை. திருட்டு எண்ணம் துளியும் கிடையாது, நேரம்தான் இல்லை. ஆனா நாளைக்கு யாராவது ஒருத்தர் குரூப்பில், "அந்தக் காசு என்ன ஆச்சு?" என்று கேட்டிருந்தால்? மூன்று மாசம் வெயிலில் ஆகாயத்தாமரை இழுத்த பையனின் பெயர் ஒரு மெசேஜில் கெட்டுப்போகும். நல்ல காரியத்தில் இருப்பவர்களுக்குக் கணக்கு அதிகமாகவே வேண்டும்.

பொக்லைன் எடுக்கலாமா என்றும் யோசித்திருக்கிறார்கள். நல்லவேளை, எடுக்கவில்லை. ஏரியில் இயந்திரம் இறக்க சம்பந்தப்பட்ட துறையிடமோ உள்ளாட்சியிடமோ அனுமதி வாங்க வேண்டும். ஆர்வத்தில் இறங்கிவிட்டால் வழக்கு உங்கள் பெயரில் வரும்.

"நான் செஞ்ச வேலைக்கு 80ஜி கிடைக்குமா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டான். கிடைக்காது. நேரத்துக்கும் உழைப்புக்கும் கழிவு கிடையாது. பதிவு பெற்ற அமைப்புக்குப் பணமாகக் கொடுத்தால் 80ஜி உண்டு, ஆனா அது பழைய வரி முறையில் மட்டும். ரொக்கம் என்றால் 2,000 ரூபாய்க்கு மேல் ஏற்க மாட்டார்கள். புதிய முறையில் இருப்பவர்கள் கழிவுக்காகக் கொடுக்க வேண்டாம், கொடுக்கணும் என்று தோன்றினால் கொடுங்கள்.

பலகைக்கு ஈஎம்ஐ

கடைசியாகத் துடுப்பு. மே மாசம் 54,000 ரூபாய்க்குச் சொந்தப் பலகை வாங்கியிருக்கிறான். 12 மாச ஈஎம்ஐ, மாசம் 4,500. "ஷோ காசு வருதேன்னு வாங்கிட்டேன்." அந்தக் கோடையில் அவன் தண்ணீரில் இறங்கியது மொத்தம் 9 தடவை. ஒரு தடவைக்கு 6,000 ரூபாய். வாடகைக்கு எடுத்திருந்தால் தடவைக்கு 800, மொத்தம் 7,200.

இதை ஷோ செலவில் காட்ட முடியுமா? முடியாது. அது சொந்த சந்தோஷம். சொந்த சந்தோஷத்துக்குச் செலவு செய்வது தப்பே இல்லை. இன்னும் வராத வருமானத்தை நம்பி ஈஎம்ஐ போடுவதுதான் தப்பு. ஷோ ஜூன் 21ஓடு நின்றது, ஈஎம்ஐ அடுத்த ஏப்ரல் வரை ஓடியது.

கடல், மலை என்று போகிறவர்கள் இன்ஷூரன்ஸ் பாலிசியை எடுத்து விலக்குகள் பக்கத்தைப் படியுங்கள். மெடிக்கல் பாலிசிகளில் சாகச விளையாட்டை ஒரு தொழில்முறை வீரராகச் செய்து காயம்பட்டால் கிடையாது என்று இருக்கும். பொழுதுபோக்காகச் செய்பவருக்கு அந்த விலக்கு பொதுவாக வராது. ஆனா தனிநபர் விபத்துக் காப்பீட்டிலும், டேர்ம் பாலிசியோடு சேர்த்து எடுக்கிற ரைடர்களிலும் வாசகம் வேற மாதிரி இருக்கலாம். ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

மூன்று பாக்கெட்

அன்றைக்கு நாலு மணி நேரம் உட்கார்ந்தோம். நடுவில் சித்தி மூன்று தடவை போன் செய்தார். கடைசியில் ஒரு தாளில் மூன்று கட்டம் போட்டு அவனிடம் கொடுத்தேன். அதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

இசை வருமானம். அதை வியாபாரம் மாதிரி நடத்து. தனி பேங்க் அக்கவுண்ட். ஷோவுக்கு முன்னால் தொகை, அட்வான்ஸ், டிடிஎஸ் எல்லாம் வாட்ஸ்அப்பில் எழுத்தாக. முடிந்தால் குழுவில் ஒவ்வொருவரும் அவரவர் பங்குக்குத் தனித்தனி பில், அவரவர் பான். வருகிற உன் பங்கில் 20 சதவீதத்தைத் தொடாமல் தனியாக வை. அதற்கெல்லாம் முன்னால் ஆஃபர் லெட்டரை எடுத்து, வேறு வேலை செய்யக் கூடாது என்ற ஷரத்து இருக்கிறதா என்று பார். இருந்தால் எழுத்தில் அனுமதி கேள்.

ஏரி கொடை. கொடைக்குக் கூலி பார்க்காதே, ஆனா அளவு வை. மாசத்துக்கு இத்தனை மணி நேரம், வருஷத்துக்கு இத்தனை ரூபாய் என்று முதலிலேயே முடிவு செய். பிறர் பணத்தை உன் கணக்கில் வாங்காதே. பதிவு பெற்ற அமைப்பு வழியாக வாங்கு, இல்லையென்றால் இரண்டு பேர் சேர்ந்த தனிக் கணக்கு, மாசம் ஒரு தடவை குரூப்பில் வரவு செலவு.

துடுப்பு உன் சொந்தச் செலவு. சம்பளத்தில் அதற்கென்று ஒரு தொகை. பத்து தடவை வாடகைக்கு எடுத்த பிறகும் ஆசை இருந்தால் சொந்தமாக வாங்கு, அதுவும் சேர்த்த காசில்.

ஒரு பாக்கெட்டின் பணம் இன்னொன்றுக்குப் போகக் கூடாது. தம்பிக்கு நடந்தது அதுதான். இசைப் பணம் பலகையானது, ஏரிப் பணம் இசைப் பணத்தோடு கலந்தது.

நேரமும் அப்படித்தான். மூன்று மாசத்தில் ஷோவுக்கு 126 மணி நேரம், ஏரிக்கும் ஆமைக்கும் 59, துடுப்புக்கு 36. மொத்தம் 221. பதிமூன்று வாரத்துக்கு வகுத்தால் வாரம் 17 மணி நேரம். பார்த்தால் சாதாரணமாக இருக்கிறது, இல்லையா? ஆனா அந்த 17 மணி நேரமும் வெள்ளி ராத்திரிக்கும் ஞாயிறு ராத்திரிக்கும் நடுவில் விழுந்தது. சராசரியைப் பார்த்து "முடியும்" என்று நினைத்தான். உடம்பு சராசரி பார்க்காது, அந்த ஒரு சனிக்கிழமையைத்தான் பார்க்கும். அதனால் தாளின் அடியில் ஒரு விதி எழுதினேன்: ஒரு வார இறுதியில் மூன்றில் இரண்டுதான். ராத்திரி ஷோ இருந்தால் மறுநாள் கடல் கிடையாது.

இந்தக் கோடை

தோள் சரியாக ஆகஸ்ட் ஆனது. அதற்குள் ஆடி. பிறகு பாடகிக்குப் பெங்களூருவில் வேலை கிடைத்துப் போய்விட்டார். அந்த நிதியாண்டில் அவன் அதற்கப்புறம் காசுக்கு வாசிக்கவே இல்லை. வேலையையும் விடவில்லை. பலகையை 35,000க்கு விற்று, அந்தப் பணத்தில் மீதி ஈஎம்ஐயைக் கட்டினான். ஏரிக் கணக்கைப் பைசா சுத்தமாக எழுதி குரூப்பில் போட்டான். ஒருத்தரும் கேள்வி கேட்கவில்லை. இரண்டு பேர் கூடுதலாகப் பணம் தருகிறோம் என்றார்கள். "எனக்கு வேண்டாம், புது அக்கவுண்டுக்கு அனுப்புங்க" என்று சொல்லியிருக்கிறான்.

இந்த சித்திரையில் புதுப் பாடகரோடு மறுபடி ஆரம்பித்திருக்கிறான். மாசத்துக்கு இரண்டு ஷோ, அதற்கு மேல் இல்லை. போன வாரம் கோவளத்துக்கு வாடகைப் பலகை எடுக்கப் போயிருந்தானாம். போன வேகத்தில் திரும்பி வந்துவிட்டான். "காத்து மேக்கால இருந்துச்சுக்கா. கரையில உக்காந்து டீ குடிச்சிட்டு வந்துட்டேன்" என்றான். அந்தப் படகுக்காரரையும் பார்த்திருக்கிறான். அவர் முதலில் கேட்டது, "நேத்து தூங்குனியா?"

உங்களுக்கும் இந்தக் கோடையில் இப்படி இரண்டு மூன்று ஆசை இருக்கும். எல்லாம் செய்யுங்கள், இந்த வயசில் செய்யாமல் எப்போது செய்வது? ஒன்று மட்டும் இன்றைக்கே செய்துவிடுங்கள். ஒரு தாளில் மூன்று கட்டம் போட்டு, எது வருமானம், எது கொடை, எது உங்கள் சொந்தச் செலவு என்று எழுதி வையுங்கள். வருகிற முதல் பில்லிலிருந்தே ஒரு கவரில் போட ஆரம்பியுங்கள். மார்ச் மாசம் உங்கள் ஆடிட்டரிடம் அந்தக் கவரை நீட்டும்போது அவர் முகத்தைப் பாருங்கள். என் முகம் அன்றைக்கு அந்தத் துணிப்பையைப் பார்த்து எப்படி மலர்ந்தது என்று தம்பியைக் கேட்டால் சொல்வான்.

அடுத்த வீடியோவில் சந்திப்போம்.